உழவுச்சாலில் கிடைத்த வெள்ளிப் பென்னி

காசும் காலமும் – 23

8-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மெர்சிய மன்னன் ஓஃபா வேரூன்ற வைத்த வெள்ளிப் பென்னியைப் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். சொற்ப விதிவிலக்குகளைத் தள்ளிவிட்டால், அடுத்த 500 ஆண்டுகளுக்கு இங்கிலாந்தில் அடிக்கப்பட்ட காசு அது ஒன்றுதான். அரசனுக்குக் கட்டிய வரி, படைவீரன் வாங்கிய கூலி, தேவாலயக் காணிக்கை, சந்தையில் விற்ற கோழி எல்லாம் அந்த ஒரே காசில் நடந்தன. 12 பென்னி ஒரு ஷில்லிங், 240 பென்னி ஒரு பவுண்டு என்பது கணக்கேட்டில் மட்டும்தான். ஷில்லிங்கோ பவுண்டோ கையில் எடுத்துக் கொடுக்கிற நாணயமாக அன்று இல்லை. 100 பவுண்டு கடனைத் தீர்க்க 24,000 வெள்ளிக்காசு வேண்டும்.

இவ்வளவு காசு புழங்கிய நாட்டில் யாருடைய கையில் புழங்கியது? பிரபுக்களும் மடாலயங்களும் நகர வணிகர்களும் காசு வைத்திருந்தார்கள் என்பதற்குப் பத்திரங்கள் உண்டு. ஏர் ஓட்டியவன், ஆடு மேய்த்தவன், ஊருக்கு ஊர் ஊசி விற்றவள் ஆகியோரின் மடியில் காசு இருந்ததா? அவர்களுக்குக் கணக்கேடு எழுத யாரும் இல்லை. அவர்கள் தவறவிட்ட காசுகள் மட்டும் வயலில் கிடந்தன. கடந்த 50 ஆண்டுகளில் அவற்றைப் பொறுக்கியெடுத்தவர்களில் பெரும்பாலோர் பேராசிரியர்கள் அல்லர். காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, கையில் மெட்டல் டிடெக்டரோடு விடுமுறை நாளில் வயலில் இறங்கிய சாதாரண மனிதர்கள். இடைக்கால இங்கிலாந்தின் பொருளாதார வரலாற்றை இவர்கள் அளவுக்கு மாற்றிய கூட்டம் வேறு எதுவும் இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதலில் காசைப் பார்த்துவிடுவோம். விட்டம் 2 சென்டிமீட்டருக்குள், நிறை ஒன்றரை கிராமுக்குச் சற்றுக் குறைவு. அடித்து மெலிந்த வெள்ளித் தகட்டிலிருந்து வில்லை வெட்டுவார்கள். மரக்கட்டையில் ஊன்றிய கீழச்சின் மேல் வில்லையை வைத்து, அதன் மேல் மேலச்சைப் பிடித்துச் சுத்தியலால் ஓங்கி அடித்தால் ஒரு பென்னி தயார். கையால் அடித்தது என்பதால் டிடெக்டர்காரர்கள் இன்றும் இதை ‘ஹேமர்டு’ என்றே சொல்கிறார்கள். ஒரு பக்கம் அரசனின் தலையும் பெயரும். மறுபக்கம் சிலுவை. அதைச் சுற்றி, காசை அடித்தவன் பெயரும் அடித்த ஊரின் பெயரும். எட்கர் மன்னன் 973-ஐ ஒட்டிச் செய்த சீர்திருத்தத்திலிருந்து 1279 வரை இந்த வழக்கம் நீடித்தது. மாற்று குறைந்த காசு ஒன்று அகப்பட்டால் யாரைப் பிடிப்பது என்று காசே காட்டிக்கொடுத்துவிடும்.

பிடிக்கவும் செய்தார்கள். முதலாம் ஹென்றி காலத்தில் காசு கெட்டுப்போய், ஒரு பவுண்டு கொண்டுபோனவனால் சந்தையில் 12 பென்னிக்கான சரக்கைக்கூட வாங்க முடியவில்லை என்று ஆங்கிலோ-சாக்சன் நாளாகமம் குமுறுகிறது. 1124 கிறிஸ்துமஸுக்கு நாட்டின் காசடிப்போரை எல்லாம் வின்செஸ்டருக்கு வரவழைத்தார்கள். ஒவ்வொருவராக உள்ளே அழைத்து வலது கையையும் விரைகளையும் வெட்டினார்கள். திருநாள் 12 நாள் முடிவதற்குள் வேலை முடிந்துவிட்டது. மன்னன் அப்போது நார்மண்டியில் இருந்தான். உத்தரவை நிறைவேற்றியவர் சாலிஸ்பரி பிஷப் ரோஜர்.

அதே மன்னனைப் பற்றி மால்ம்ஸ்பரி வில்லியம் என்ற துறவி இன்னொன்றும் எழுதிவைத்தார். முறிந்த காசை, வெள்ளி நல்லதாக இருந்தாலும், வியாபாரிகள் வாங்க மறுத்தார்களாம். அப்படியானால் எல்லாக் காசையும் முறித்தே வெளியிடுங்கள் என்று மன்னன் ஆணையிட்டானாம். கேட்டால் கட்டுக்கதைபோல் இருக்கிறது. ஆனால் ஹென்றியின் காசுகளைப் பாருங்கள்: பெரும்பாலானவற்றின் விளிம்பில், அடித்தவுடனேயே போட்ட ஒரு வெட்டு இருக்கிறது. இவன் வட்டமான அரைப்பென்னியும் அடித்தான் என்று அக்காலத்தவர் எழுதியிருந்தார்கள். 20-ம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அப்படி ஒரு காசை யாரும் அடையாளம் கண்டதில்லை. டிடெக்டர்கள் பெருகிய பிறகு வயல்களிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. துறவிகள் எழுதியது மெய்தான்.

19-ம் நூற்றாண்டிலும் 20-ம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் நாணய அறிஞர்கள் நம்பியிருந்தது புதையல்களை. 1831-ல் ஸ்டாஃபோர்ட்ஷயரின் டட்பரி அருகே டவ் ஆற்றுப் படுகையிலிருந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பென்னிகள் வெளிவந்தன. 1322-ல் இரண்டாம் எட்வர்டின் படைக்குத் தப்பியோடிய லங்காஸ்டர் பிரபு தாமஸின் பணப்பெட்டி ஆற்றைக் கடக்கையில் மூழ்கியிருக்க வேண்டும் என்பது பொதுவான முடிவு. 1902-ல் கோல்செஸ்டரில் பத்தாயிரத்துக்கும் மேல். அதே ஊரில் 1969-ல் இன்னொரு பெரும் புதையல். இவற்றை வைத்துத்தான் எந்த அச்சு முந்தியது, எந்த அக்கசாலை எப்போது இயங்கியது என்ற வரிசையெல்லாம் வகுக்கப்பட்டது.

புதையலில் ஒரு குறை உண்டு. சேமிக்கிறவன் நல்ல காசாகப் பார்த்துத்தான் சேமிப்பான். தேய்ந்ததையும் துண்டையும் செலவழித்துவிடுவான். பெரிய பானை நிறையக் காசு வைத்திருந்தவன் ஏழையாகவும் இருக்க முடியாது. அப்படியானால் புதையலை மட்டும் படித்தவருக்குக் கிடைக்கும் இங்கிலாந்து, பணக்காரர்களின் இங்கிலாந்து. வயலில் தனியாகக் கிடக்கும் காசு அப்படிப்பட்டதல்ல. அதை யாரும் தேர்ந்தெடுத்து வைக்கவில்லை. பை கிழிந்து விழுந்தது, சந்தைக்குப் போகிற வழியில் நழுவியது, வீட்டுக் குப்பையோடு சேர்ந்து எருவாக வயலுக்குப் போனது. புழக்கத்தில் இருந்தது என்னவோ அதுதான் விழுந்தது.

ஒன்றிரண்டு தனிக்காசுகளால் எதையும் நிறுவ முடியாது. ஆயிரக்கணக்கில் வேண்டும், ஒவ்வொன்றும் எந்த வயலில் கிடைத்தது என்ற குறிப்போடு வேண்டும். அந்த இடத்தில்தான் பெரிய சண்டை வந்தது.

1970-களில் டிடெக்டர் மலிந்து, ஆயிரக்கணக்கானோர் வயலில் இறங்கியபோது தொல்லியலாளர்கள் பதறினார்கள். பதறியதில் நியாயம் இருந்தது. சர்ரே மாவட்டத்து வான்பரோவில் ஒரு ரோமானியக் கோயில் தளம் 1980-களின் நடுவில் இரவோடிரவாகச் சூறையாடப்பட்டது. ஆயிரக்கணக்கான பழங்காசுகள் எங்கே போயின என்று தெரியாமலே போயின. அன்றைய சட்டம் இடைக்காலத்தது. ஒளித்து வைத்தவன் திரும்ப எடுக்கும் எண்ணத்தோடு வைத்தான் என்று நிரூபித்தால்தான் அது அரசுக்குரிய புதையல். அந்த எண்ணத்தை எப்படி நிரூபிப்பது? வான்பரோவின் அவலம்தான் சர்ரே தொல்லியல் கழகத்தைப் புதுச் சட்டத்துக்காகப் போராட வைத்தது. 1996-ல் புதையல் சட்டம் நிறைவேறி, 1997 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. 300 ஆண்டுக்கு மேற்பட்ட வெள்ளி அல்லது தங்கக் காசுகள் ஒரே இடத்தில் இரண்டோ அதற்கு மேலோ கிடைத்தால் 14 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். அருங்காட்சியகம் வாங்க முன்வந்தால் ஒரு குழு விலை நிர்ணயிக்கும். அந்தத் தொகை பெரும்பாலும் கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் சரிபாதி.

சட்டத்தைவிட முக்கியம், அதே 1997-ல் தொடங்கிய கண்டெடுப்புப் பதிவுத் திட்டம். பிரிட்டிஷ் மியூசியம் நடத்தும் இந்தத் திட்டத்தில் மாவட்டந்தோறும் ஓர் அலுவலர் உண்டு. டிடெக்டர்காரர் கொண்டுவரும் பொத்தான், கொக்கி, காசு எதுவானாலும் அளந்து, நிறுத்து, படமெடுத்து, கிடைத்த இடத்தோடு பதிந்துவிட்டு அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார். இன்று அந்தப் பதிவேட்டில் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள். கேம்பிரிட்ஜ் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் மார்க் பிளாக்பர்ன், 1180-க்கு முற்பட்ட தனிக்காசுகளுக்கென்று ஒரு தொகுப்பையே உருவாக்கினார். திருடர் என்று தள்ளிவைக்கப்பட்டவர்களோடு உட்கார்ந்து பேசி நம்பிக்கை வளர்த்த அலுவலர்களை நான் மிகவும் மதிக்கிறேன். டிடெக்டர்காரர்களின் கூட்டத்தில் மேசை போட்டு உட்கார்ந்து, மண்ணப்பிய ஒரு தகட்டைப் பொறுமையாகத் திருப்பிப் பார்த்து வளர்த்த நம்பிக்கை அது.

டிடெக்டருக்கு வெகு முன்பிருந்தே வயலைக் காலால் படித்தவர்களும் உண்டு. உழுது, மழை ஒன்று பெய்து மண் கழுவப்பட்டதும், வயலைக் கட்டம் பிரித்து வரிசையாக நடந்து, கண்ணில் பட்ட பானையோட்டையெல்லாம் பொறுக்குவார்கள். கறுத்துப்போன மெல்லிய வெள்ளிக்காசு அவர்கள் கண்ணில் அபூர்வமாகத்தான் படும். ஆனால் ஓடுகள் அடர்ந்து கிடக்கும் கட்டம் எதுவோ அங்கே வீடு இருந்தது. சிதறிக் கிடந்தால் அது எரு போட்ட நிலம். ஓட்டின் வரைபடத்தின் மேல் காசின் வரைபடத்தை வைத்துப் பார்க்கும்போதுதான் காசு விழுந்தது வாசலிலா வயலிலா என்று புரிகிறது. ஊரும் காசும் சேர்ந்து துலங்குவதற்கு சஃபோக்கின் ரெண்டில்ஷம் நல்ல உதாரணம். இரவுத் திருடர் தொல்லை தாங்காத நிலத்துக்காரர் முறையிட, 2008-லிருந்து மாவட்டத் தொல்லியல் துறையும் 4 டிடெக்டர்காரர்களும் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் தேடி, பீட் என்ற துறவி 8-ம் நூற்றாண்டில் குறிப்பிட்ட அரச ஊரையே மீட்டெடுத்தார்கள்.

இனி அந்தக் காசுகள் சொன்ன செய்திக்கு வருவோம்.

13-ம் நூற்றாண்டின் இறுதியில்கூட ஒரு கூலியாளின் நாட்கூலி ஒன்றரைப் பென்னி அளவில் இருந்தது. 1279-க்கு முன் பரவலாகப் புழங்கிய மிகச் சிறிய காசே பாதி நாளுக்கு மேற்பட்ட உழைப்பு என்றால் ரொட்டி வாங்குவது எப்படி? காசை வெட்டினார்கள். மறுபக்கச் சிலுவைதான் வெட்டுக்கு வழிகாட்டி. இரண்டாக வெட்டினால் அரை, நான்காக வெட்டினால் கால். ரொட்டிக்கும் பீருக்குமான அரசாங்க விதியில் கால் பென்னிக்கு ஒரு ரொட்டி என்ற விலை நிலையாக இருக்கும், கோதுமை விலைக்கேற்ப ரொட்டியின் எடை கூடும் குறையும். அன்றாடப் பொருளாதாரம் முழுக்க அந்தக் கால் துண்டில்தான் ஓடியது. பெரும் புதையல்களில் துண்டுக்காசு அரிது. அதனால் அறிஞர்களின் கண்ணில் அது அதிகம் படவில்லை. வயல்களில் அரையும் காலும் வந்துகொண்டே இருக்கின்றன. 0.35 கிராம் எடை, விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும் அளவு. அதைக்கூட விடாமல் எடுத்து, பத்திரமாக உறையிலிட்டு, இடம் குறித்துக் கொடுத்தவர்களால்தான் கிராமத்து ஏழையின் கையிலும் காசு புழங்கியது இன்று ஐயத்துக்கு இடமின்றித் தெரிகிறது. சந்தைக்கு அரச அனுமதி வாங்காத ஊர்களின் வயல்களிலும் காசு கிடைக்கிறது. 1200-க்குப் பிறகு எண்ணிக்கை எகிறுகிறது. 1350-க்கு மேல் சரிகிறது.

ஓர் எச்சரிக்கை: கிழக்கு மாவட்டங்களில் காசு குவிவதையும் மேற்கில் குறைவதையும் பார்த்து, கிழக்கே பணக்கார நாடு என்று உடனே முடிவு கட்டக் கூடாது. கிழக்கே உழுநிலம் அதிகம், மேற்கே மேய்ச்சல் நிலம் அதிகம். உழாத மண் காசைக் காட்டாது.

சிலுவையின் நீளத்திலும் ஒரு வரலாறு இருக்கிறது. 1180-லிருந்து 1247 வரை வந்தது குறுஞ்சிலுவைக் காசு. இரண்டாம் ஹென்றி தொடங்கியது. அவன் மகன்கள் ரிச்சர்டும் ஜானும் ஆண்ட காலத்திலும் காசில் ‘ஹென்றிகஸ்’ என்றே இருந்தது. விளிம்பைச் சுரண்டி வெள்ளி திருடுவது பெருகவே, மூன்றாம் ஹென்றி 1247-ல் சிலுவையை விளிம்புவரை நீட்டினான். நான்கு முனையும் தெரியாவிட்டால் செல்லாது. நாடு முழுக்கப் பழைய காசை உருக்கி அடிப்பதற்கு முதல் போட்டவன் அவன் தம்பி, கார்ன்வால் பிரபு ரிச்சர்ட். லாபத்தில் பாதி அவனுக்கு. சுரண்டல் அப்போதும் நிற்கவில்லை. 1278-ல் அந்தப் பழியை முதலாம் எட்வர்ட் யூதர்கள் மேல் போட்டான். நூற்றுக்கணக்கானோரைச் சிறைப்பிடித்து, லண்டனில் மட்டும் 200-க்கும் மேற்பட்டோரைத் தூக்கிலிட்டார்கள். அதே குற்றத்துக்குப் பிடிபட்ட கிறிஸ்தவர்களில் பலரும் அபராதத்தோடு தப்பினார்கள். 1290-ல் யூதர் அனைவரையும் நாடு கடத்தினார்கள். 1279-ன் புதுக் காசு அழகானது. வட்டமான அரையும் காலும் அன்றுதான் ஏராளமாக அடிக்கப்பட்டன. அந்த அழகுக்கு அடியில் இந்த ரத்தம் இருப்பதை வரலாறு எழுதுகிறவர் விட்டுவிடக் கூடாது.

வயலில் அடிக்கடி கிடைக்கும் இன்னொரு வகை, வேண்டுமென்றே மடித்த காசு. ஏர் பட்டு வளைந்ததல்ல. கச்சிதமாக இரண்டாக மடித்தது. நம் வீடுகளில் நோயாளிக்காக நேர்ந்துகொண்டு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைப்பதில்லையா, அதே நோக்கம்தான். நோயாளியின் தலைக்கு மேல் பிடித்து, புனிதர் ஒருவர் பெயரைச் சொல்லிப் பென்னியை மடித்துவிட்டால், அது இனிச் செலவுக்காகாது, அந்தப் புனிதரின் சொத்து. இதற்கு நீதிவிசாரணைச் சான்றே உண்டு. 1290-ல் வேல்ஸின் சுவான்சியில் வில்லியம் கிராக் என்ற கலகக்காரனைத் தூக்கிலிட்டார்கள். இறந்தவனாக இறக்கிவைத்த உடலுக்காக, அவ்வூர்ப் பிரபுவின் மனைவி மேரி, ஹெரிஃபோர்டின் மறைந்த பிஷப் தாமஸ் கேன்டிலூப்பிடம் வேண்டிக்கொண்டாள். ஆங்கிலேயர் வழக்கப்படி உடலுக்கு மேல் ஒரு பென்னியை மடித்தார்கள். கிராக் பிழைத்தான். கழுத்தில் தூக்குக் கயிற்றோடு ஹெரிஃபோர்டுக்குப் புனித யாத்திரை போனான். 1307-ல் போப்பின் விசாரணைக் குழு முன் தானே சாட்சி சொன்னான். மடித்த பென்னி வயலில் கிடைக்கும்போது, நிறைவேற்றப்படாமலே போன ஒரு நேர்த்திக்கடன் அதில் இருக்கலாம்.

தனிக்காசின் பெருமையைச் சொன்னதால் புதையலே வேண்டாம் என்று பொருளல்ல. 2015-ல் இரண்டு புதையல்கள் கிடைத்தன. இரண்டும் 870-களின் இறுதியில், வைக்கிங் படைகள் நாட்டைக் கலக்கிய காலத்தில் புதைக்கப்பட்டவை. இரண்டிலும் ஒரே வியப்பு: வெசெக்ஸ் மன்னன் ஆல்ஃபிரட்டும் மெர்சியாவின் இரண்டாம் செயோல்வுல்ஃபும் வெளியிட்ட, ரோமானியப் பாணியில் இரண்டு பேரரசர்கள் அருகருகே அமர்ந்திருக்கும் பென்னிகள். ஆல்ஃபிரட்டின் ஆதரவில் உருவான நாளாகமம் செயோல்வுல்ஃபை வைக்கிங்குகள் ஏற்றிவைத்த அறிவிலி என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டது. காசுகளோ இருவரும் ஒரே வடிவில், சமமான கூட்டாளிகளாக வெளியிட்டதைக் காட்டின. வென்றவன் எழுதிய வரலாற்றைத் தோற்றவனின் வெள்ளி திருத்தியது.

ஆனால் இரண்டு புதையல்களின் விதியும் வேறு வேறு. ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரின் வாட்லிங்டன் அருகே கண்டெடுத்தவர் உடனே அலுவலருக்குச் சொன்னார். மண்ணோடு பெயர்த்தெடுத்துப் பரிசோதனைக் கூடத்தில் பிரித்தார்கள். ஏறத்தாழ 200 காசுகள். 2017-ல் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 13.5 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. ஹெரிஃபோர்ட்ஷயரில் லெம்ஸ்டர் அருகே கண்டெடுத்த இருவர் சொல்லவில்லை. துண்டு துண்டாக விற்றார்கள். அவர்களது போனில் அழித்திருந்த படங்களை மீட்ட பிறகுதான் சுமார் 300 காசுகள் இருந்திருக்கும் என்று தெரிந்தது. முதலில் மீட்க முடிந்தது 31. இருவரும் 2019-ல் சிறைக்குப் போனார்கள். அதே புதையலைச் சேர்ந்ததாகக் கருதப்படும் 44 காசுகளை விற்க முயன்ற வேறு இருவர் 2023-ல் தண்டிக்கப்பட்டார்கள். மீதி எங்கே? சட்டம் தண்டித்துவிட்டது. எந்தக் காசோடு எந்தக் காசு கிடந்தது என்ற செய்தி அழிந்தது அழிந்ததுதான். இதைத் திருட்டு என்று மட்டும் சொல்வது போதாது.

கடைசியாக, வாசகர்கள் பலருக்கும் தெரியாத ஒன்று. புதையல் சட்டம் பொதுவாகத் தனிக்காசுக்குப் பொருந்தாது. வயலில் ஒரே ஒரு பென்னி கிடைத்தால், நிலத்துக்காரர் சம்மதத்தோடு அதை வைத்துக்கொள்ளலாம், விற்கலாம். பெரும்பாலும் யாரிடமும் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. மேலே சொன்ன வெட்டுக்காசுகளும் மடித்த காசுகளும் ஏறத்தாழ எல்லாமே, கட்டாயம் எதுவுமின்றி, தாமாகக் கொண்டுவந்து காட்டியவர்களால் பதிவானவை.

அடுத்த வாரம்: 1344-ல் மூன்றாம் எட்வர்ட் தங்கக் காசு அடித்ததும் அதற்குப் பின் பென்னி மெலிந்ததும்.

(தொடரும்)